ப்ளக் போட்டாச்சா?

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக் கார்களின் நம்பர் ப்ளேட்டில் ‘10,000 ஏரிகள்’ என்று அச்சடித்திருக்கும். நிஜக் கணக்கு அதுவல்ல. 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 தேறுகிறது. நம் ஊரில் ஐம்பது பேர் வந்த கூட்டத்தை ‘அலைகடலெனத் திரண்ட’ என்று போஸ்டர் அடிப்போம். இவர்கள் என்னடாவென்றால் கைவசம் இருக்கிற 1,842 ஏரிகளைச் சத்தம் போடாமல் தள்ளுபடி செய்துவிட்டு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடக்கமென்றால் அப்படி ஓர் அடக்கம். என் பக்கத்து வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷமாக என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். நானும் ஆட்டுகிறேன். பனிக்காலத்தில் என் கார் சிக்கிக்கொண்டால் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து தோண்டிக் கொடுப்பார். “உள்ளே வாங்க, ஒரு வாய் காபி...” என்றால் மட்டும், “இன்னொரு நாள்” என்று பின்வாங்கிவிடுவார். அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் இதுவரை வரவில்லை.

ஆபீஸிலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை ‘நல்ல வீக் எண்ட்’ என்பார்கள். திங்கட்கிழமை ‘வீக் எண்ட் நன்றாக இருந்ததா’ என்பார்கள். நடுவில் இரண்டு நாள் நாம் உயிரோடு இருந்தோமா என்பது நமக்கும் நம் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில், முன்பின் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் வந்து நின்று, நம் கயிற்றைத் தாங்களாகவே பிடித்துக்கொண்டு, நாலு வார்த்தை பேசிவிட்டும் போகிற இடம் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா?

உண்டு. அதன் பெயர் போட் ராம்ப்.

ராம்ப் என்றால் வேறொன்றுமில்லை. ஏரிக்குள் சரிந்து இறங்கும் சிமெண்ட் பாதை. பக்கத்தில் மரப்பலகையில் ஒரு சின்னத் துறை. காரின் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் படகு. ரிவர்ஸிலேயே இறங்கி, டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டால் படகு தானாக மிதக்கும். கயிற்றைப் பிடித்துத் துறையில் கட்டிவிட்டு, காரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வர வேண்டும். எழுத இரண்டு வரி. செய்ய ஒரு ஜென்மம்.

* * *

எனக்குப் படகு வந்த கதை. 2017 ஏப்ரலில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று அட்டை தொங்கியது. 16 அடி அலுமினியப் படகு, 1989 மாடல். பின்னால் 25 குதிரைசக்தி எஞ்சின். இரண்டையும் சுமக்க ஒரு டிரெய்லர். மூன்றும் சேர்த்து 1,800 டாலர்.

சொந்தக்காரர் எண்பதை நெருங்கும் விவசாயி. “ஏரிக்குப் போக மனசு இருக்கு. படகில் ஏற முழங்கால் இல்லை” என்றார். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டவர், ஷெட்டுக்குள் போய் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து படகில் போட ஆரம்பித்தார். துடுப்பு இரண்டு. தூண்டில் கழி மூன்று. மீனை அள்ளும் கைவலை. காபி டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, நடுவில் வளையம் பதித்த நங்கூரம்.

“இதுக்கெல்லாம் எவ்வளவு?” என்றேன்.

“இதெல்லாம் படகோட சாமான். படகோடதான் போகணும்” என்றார்.

கடைசியாகப் படகின் மூக்கை இரண்டு தட்டு தட்டினார். மறுவீட்டுக்குப் பெண்ணைக் காரில் ஏற்றிவிடும் அப்பா மாதிரியே இருந்தது. நான் மாப்பிள்ளை முறுக்கெல்லாம் காட்டாமல் மெதுவாக வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டில் என் மனைவி படகை ஒருமுறை பிரதட்சணம் வந்தாள்.

“ஏங்க, இதுக்கு அவர் உங்களுக்குப் பணம் கொடுத்தாரா, நீங்க அவருக்குக் கொடுத்தீங்களா?”

“நான்தான்.”

“நம்ம ஊரா இருந்தா ரெண்டு கிலோ பேரீச்சம்பழமாவது கிடைச்சிருக்கும்.”

அடுத்த கேள்வி நியாயமானது. “உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

கும்பகோணத்துக் காவிரியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு குளித்தவன் நான். இங்கே சட்டப்படி படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். படகு ஓடும்போது 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதைக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டசபையில் அந்த வயது வரம்பு, என்னை உத்தேசித்து, ஒரே அமர்வில் ஐம்பதாக உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லை. ஒன்பது வயது மகள்கூட அம்மா கட்சி.

எஞ்சின் எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். டூ ஸ்ட்ரோக் ஜாதி. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் பங்கில் ஆயில் கலக்கச் சொல்லி ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைத்த தலைமுறைக்கு இதெல்லாம் ஜுஜுபி. அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த மாதிரி எஞ்சினுக்குப் பின்னால் ஒரு காதல் கதை உண்டு. ஓலே எவின்ரூட் என்று ஒருவர். நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே பக்கத்து மாநிலமான விஸ்கான்ஸினுக்கு வந்தவர். ஒரு கோடை நாளில் ஏரிக்கரைப் பிக்னிக்கில் காதலி ஐஸ்க்ரீம் கேட்டாளாம். இவர் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஐஸ்க்ரீம் பாலாகிவிட்டதாம். அந்த எரிச்சலில் யோசித்து, 1909-ல் படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். காதலியும் மனைவியாகி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் பெயரில் எஞ்சின் உற்பத்தி 2020 வரை நடந்தது. என் மனைவியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அவர் வாங்கப் போனதாவது ஐஸ்க்ரீம்” என்றாள்.

* * *

மே மாதம் நடுவில் ஒரு சனிக்கிழமை மீன்பிடி சீஸன் ஆரம்பம். மினசோட்டாவில் ஏரி உருகிக் கிடப்பதே வருஷத்தில் ஏழு மாதம். அதனால் அன்றைக்கு ராம்ப்பில் திருப்பதி க்யூ.

டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீயரிங்கை நீங்கள் இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும். வலது பக்கம் திருப்பினால் இடது. எதிர்க்கட்சி மாதிரி. நீங்கள் என்ன சொன்னாலும் நேர் எதிராகத்தான் நிற்கும்.

பின்னால் ஏழெட்டு வண்டிகள். நம் ஊராக இருந்தால் ஹாரன் கச்சேரியே நடந்திருக்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம்தான் பயமாக இருந்தது. அப்போது சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஜன்னலருகே வந்தார்.

“ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க. மெதுவா. ஏரி எங்கேயும் ஓடிப் போகாது.”

கையை அடியில் வைத்தேன். நம்ப மாட்டீர்கள், டிரெய்லர் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டது! முதலில் எங்கே போக வேண்டும் என்று கையால் சொல்ல வேண்டும், அப்புறம் கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். ஐம்பது டாலர் வாங்கிக்கொண்டு சொல்லித்தர வேண்டிய வித்தையை அந்த மனுஷர் அரை நிமிஷத்தில் இலவசமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் இன்னொருவர் என் படகின் கயிற்றை வாங்கிக்கொண்டார். ஓர் அம்மாள் என் மனைவியிடம் போய், “கயிற்றைக் கையில் சுத்திக்காதே, விரலோட போயிடும். சும்மா பிடி” என்று சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவதாக ஒருவர் படகின் பின்புறம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ப்ளக் போட்டாச்சா?”

போட்டாச்சு என்றேன். கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனார்.

இந்தக் கேள்வியை விளக்க வேண்டும். படகின் பின்பக்க அடியில் கட்டை விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை. உள்ளே சேரும் தண்ணீரை வடியவிட. அதற்கு ஒரு சின்ன மூடி. அதுதான் ப்ளக். ரோட்டில் படகைக் கொண்டுபோகும்போது அதைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். காரணம், ஒரு வெளியூர்ச் சிப்பி. ஸீப்ரா மஸல் என்று பெயர். விரல் நகம் அளவு, உடம்பில் வரிவரியாகக் கோடு. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து ஆசாமி. கப்பல்களின் வயிற்றுத் தண்ணீரில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்து, 1988-ல் அமெரிக்க–கனடா எல்லை ஏரி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருஷமே மினசோட்டாவின் துலூத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. படகில் மிச்சமிருக்கும் ஒரு குவளைத் தண்ணீரில் உட்கார்ந்து அடுத்த ஏரிக்குக் குடிபோய்விடும். அதனால்தான் படகு வெளியே வந்ததும் ஒரு பாசி, ஒரு புல்கூட இல்லாமல் டிரெய்லரைத் துடைக்க வேண்டும். ப்ளக்கைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும்.

ஆக, வீட்டுக்குப் போகும்போது கழற்றச் சொல்வது அரசாங்கம். மறுபடி வரும்போது மாட்டச் சொல்வது யார்? யாருமில்லை. அந்த இலாகாவை ராம்ப்பில் நிற்பவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் “சாப்டாச்சா?” என்று கேட்போமே, அந்த மாதிரி இங்கே “ப்ளக் போட்டாச்சா?” அதற்குப் பதில் முக்கியமில்லை. கேட்டார்களே, அதுதான் முக்கியம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. எல்லா உதவியும் செய்வார்கள். மீன் எங்கே கடிக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. “தண்ணிக்குள்ளே” என்பார்கள்.

* * *

பழைய படகின் சுகம் புதுப் படகில் வராது. என் பக்கத்தில் ஒருவர் பளபளவென்று புத்தம் புதுப் படகை இறக்குவார். துறைக் கட்டையில் லேசாக உரசினால்கூட அவர் நெஞ்சில் கோடு விழும். என் படகில் கோடு விழ இனி இடமில்லை. முப்பது வருஷத்தில் யார் யாரோ போட்ட கோடு. நான் நிம்மதியாக இடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

காலை ஐந்தரை மணிக்கு வக்கோனியா ஏரி நடுவில் எஞ்சினை அணைத்தால் வருகிற நிசப்தம் இருக்கிறதே... மினியாபொலிஸ் நகரத்துக்கு மேற்கே, சுமார் 3,000 ஏக்கர் ஏரி. நடுவில் ஒரு தீவு. எங்கேயோ லூன் என்கிற பறவை, யாரோ தொலைந்துபோனவர் கூப்பிடுகிற மாதிரி நீளமாகக் கத்தும். அதுதான் இந்த மாநிலத்துப் பறவை. மாநிலத்து மீன் வால்ஐ. 1965-ல் சட்டம் போட்டுக் கொடுத்த பட்டம். அதன் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பது மாதிரி ஒரு கண்ணாடிப் படலம் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே விடிகாலையும் அந்தி நேரமும் வேட்டைக்கு வரும். முள் குறைவு, கவிச்சி இல்லை. புளிக்குழம்பில் போட்டால் வஞ்சிரத்துக்குத் தம்பி முறை என்று சொல்லலாம்.

வீட்டில் ‘ம்’ என்பதோடு பேச்சை முடிக்கிற மகள், படகில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் மிதவையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அந்த 1,800 டாலரில் எனக்குக் கிடைத்த நிஜமான மீன் அதுதான்.

என் மனைவிக்கும் ஒன்று கிடைத்தது. கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அம்மாள் அடுத்த வாரமே ஒரு கட்டு ருபார்ப் தண்டைத் தோட்டத்திலிருந்து பறித்து வந்து கொடுத்தாள். செக்கச்செவேலென்று, வாயில் வைத்தால் பல் கூசுகிற புளிப்பு. அவர்கள் அதில் சர்க்கரையைக் கொட்டி இனிப்புப் பண்டம் செய்வார்கள். இவள் மிளகாய், பெருங்காயம், நல்லெண்ணெய் போட்டுத் தொக்குக் கிளறி, ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கெச்சப்பையே காரம் என்று சொல்கிற ஊர். அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் அடுத்த வாரம் காலி பாட்டிலோடு வந்து நின்றாள்.

* * *

2019 ஜூலையில் ஒரு மத்தியானம். நானும் மகளும் மட்டும். தீவுக்கு அந்தப் பக்கம் மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. மேற்கே கருநீலத்தில் ஒரு மேகம் எழும்பியது. தூண்டிலைச் சுருட்டிவிட்டு எஞ்சின் கயிற்றை இழுத்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது. முப்பது வயதுக் கயிறு. அதற்கு மேல் உழைக்கச் சொன்னால் பாவம்.

துடுப்பை எடுத்தேன். எதிர்க்காற்று. பத்து நிமிஷம் போட்டும் தீவு அதே இடத்தில் நின்று என்னை வேடிக்கை பார்த்தது. தூரத்தில் இடி. அலுமினியப் படகு, நடு ஏரி, நீச்சல் தெரியாத அப்பா, பதினோரு வயதுப் பெண். காபி டப்பா நங்கூரத்தைப் போட்டேன். அலையில் அதுவும் இழுத்துக்கொண்டே போனது. மகள் ஒன்றும் பேசவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை மட்டும் இறுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

எல்லாப் படகும் கரையைப் பார்த்து ஓடுகின்றன. அதில் ஒன்று மட்டும் திரும்பி எங்களை நோக்கி வந்தது. நாற்பது வயதிருக்கும், தாடிக்காரர். தனி ஆள். “கயிற்றைப் போடறேன், மூக்கில் கட்டுங்க. பெண்ணை நடுவில், கீழே உட்காரச் சொல்லுங்க.” அவ்வளவுதான் பேச்சு. ஒரு மைலுக்கு மேல் எங்களை இழுத்துக்கொண்டு வந்தார். வேகமாக இழுத்தால் எங்கள் படகு கவிழும் என்று தெரிந்து, தன் தலைக்கு மேல் மின்னுகிற மின்னலைப் பற்றிக் கவலைப்படாமல், நிதானமாக.

ராம்ப்புக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. என் காரை நான் கொண்டுவருவதற்குள் நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எங்கள் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேரும் தங்கள் படகை ஏற்கெனவே மேலே ஏற்றிவிட்டவர்கள். காரில் உட்கார்ந்து ஹீட்டர் போட்டுக்கொண்டிருக்கலாம். ஒருவர் மகளைத் தூக்கித் துறையில் விட்டார். மூன்று நிமிஷத்தில் படகு டிரெய்லர் மேல். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. சென்னை பட்டினப்பாக்கத்தில், நாகப்பட்டினத்தில், கட்டுமரத்தையும் வள்ளத்தையும் கரையேற்றும்போது யார் வீட்டுப் படகு என்று பார்க்காமல் நிற்பவர்களெல்லாம் தோள் கொடுப்பார்களே, அதே காட்சி. பாட்டுத்தான் இல்லை.

மழை விட்டதும் தாடிக்காரர் டூல் பெட்டியோடு வந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து, பழைய கயிற்றின் மிச்சத்தை உருவி, சுருள் கம்பியை முறுக்கிப் பிடித்து, தன் பெட்டியிலிருந்த புதுக் கயிற்றைக் கோர்த்து முடிச்சுப் போட்டார். இருபத்தைந்து நிமிஷம். நான் பர்ஸை எடுத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“எனக்கு ஒருத்தர் செஞ்சார். நீங்க அடுத்தவருக்குச் செய்ங்க” என்று சொல்லிவிட்டு, என் டிரெய்லர் அச்சில் தொங்கிக்கொண்டிருந்த பாசியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பெயர் தெரியாது. ராம்ப்பில் பெயர் கேட்கிற வழக்கம் கிடையாது.

* * *

காபிக்கு வர யோசிக்கிற அதே ஜனங்கள் இங்கே மட்டும் ஏன் இப்படி? யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணம் சுயநலம். ராம்ப் ஒன்றுதான், நான் சிக்கினால் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் தாமதம். ஆனால் மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிய நாலு பேருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நிஜக் காரணம் வேறு என்று தோன்றுகிறது. வீட்டு வாசலில் ஒருவரைப் பார்த்தால் என்ன பேசுவது, எப்போது எழுந்து போவது என்று ஆயிரம் கூச்சம். ராம்ப்பில் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. கயிறு இருக்கிறது, பிடிக்கலாம். முடிந்ததும் விட்டுவிட்டுப் போகலாம். கூச்ச சுபாவிகளுக்குக் கை பேசினால் போதும். பன்னிரண்டு வருஷம் மண்வெட்டியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் என்னிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு ராம்ப்பில்தான் புரிந்தது. இப்போதெல்லாம் மீன் அதிகம் கிடைத்தால் சுத்தம் செய்து அவர் வீட்டு வாசலில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, உட்காராமல் வந்துவிடுகிறேன். அவருக்கு அதில் பரம சந்தோஷம்.

போன சீஸனில் ஓர் இளம் ஜோடி. பழைய படகு, எங்களுடையதைவிட ஒரு நாலைந்து வயது மூத்ததாக இருக்கும். டிரெய்லர் எதிர்க்கட்சியில் இருந்தது. நான் ஜன்னலருகே போனேன்.

“கையை அடிப்பக்கத்தில் வைங்க. மெதுவா. ஏரி எங்கேயும் ஓடிப் போகாது.”

படகு இறங்கியதும் அந்தப் பையன் நன்றி சொல்லிவிட்டு, பதிலுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டான். அடுத்தவருக்குச் செய்யச் சொன்னேன். கொஞ்சம் கம்பீரமாகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

“அப்பா, அந்தத் தாடி அங்கிள் மாதிரியே பேசறே” என்றாள் மகள்.

என் மனைவி துறையில் கயிற்றை, விரலில் சுற்றாமல், பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பேசினது போதும். நம்ம படகுக்கு ப்ளக் போட்டாச்சா?”